பங்கு எழுத்தில் இருக்கட்டும்

மாத்தளை நகருக்கு வடக்கே, கண்டி – யாழ்ப்பாண வீதியில் அமைந்துள்ளது அலுவிகாரை. வாய்மொழியாகப் பேணப்பட்ட திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் இங்குதான் ஓலைகளில் எழுதப்பெற்றது என்பது பௌத்த மரபு. அவ்வீதியோரம் இன்று வாசனைத் திரவியத் தோட்டங்களும் வியாபார நிலையங்களும் காணப்படுகின்றன. இத்தகைய தொழில்களில் ஒருவர் பணமிட, மற்றவர் உழைப்பைத் தருவது எமது சமூகங்களின் நெடுநாள் வழக்கம். அவற்றில் எத்தனை எழுத்தில் உள்ளன என்பதே எமது கேள்வி.

மூலதனம் ஆயிரம் ரூபாவை விஞ்சும் பங்குடைமை எழுத்தில் அமைந்து கையொப்பமிடப்பட வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். இன்றைய விலைவாசியில் பெட்டிக்கடையும் இதற்குள் அடங்கும். எழுதியும் விகிதத்தைக் குறிக்கத் தவறினால், இங்கு பின்பற்றப்படும் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் இலாபத்தையும் நட்டத்தையும் சமமாகவே பிரிக்கும். முழாரபா முறையில் நட்டம் பணமிட்டவரைச் சாரும்; நேர்மையாக உழைத்தவர் இழப்பது தமது உழைப்பை மட்டுமே. அந்த நம்பிக்கையில் இணைந்தவர், பத்திரம் மௌனமாயிருப்பின் பாதி நட்டத்தைச் சுமக்க நேரிடலாம்.

வரியும் இந்த விகிதத்தையே பின்தொடர்கிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ், பங்காளரின் பங்கு அவரது வருமானத்துடன் சேர்க்கப்படும். பணத்தை அவர் கையில் எடுத்தாரா, கடையிலேயே விட்டாரா என்பது பொருட்டன்று. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. வேறு வருமானமற்ற இருவர் 40 இலட்சத்தைச் சமமாகப் பிரித்தால், ஒவ்வொருவரிடமும் 2 இலட்சமே நிவாரணத்தை விஞ்சும். மூன்றுக்கு ஒன்று எனப் பிரித்தால் ஒருவரிடம் 12 இலட்சம் விஞ்சும். மற்றவரிடம் எதுவும் விஞ்சாது.

ஆகவே, உழைக்காத உறவினரையும் பங்காளராக எழுதி வரியைக் குறைக்கும் ஆசை எழலாம். அது ஆபத்தானது. வரியைக் குறைக்கவென வருமானத்தைப் பிரித்துக் காட்டும் ஏற்பாடுகளைப் புறந்தள்ளும் அதிகாரம் இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு உண்டு. பெயரளவில் பங்காளரானவரும் தொழிலின் கடனுக்குப் பொறுப்பாளியாவார்.

தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 282ஆம் வசனம் பணிக்கிறது. எழுதக் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளமன்று. இலாப விகிதம், நட்டப் பொறுப்பு, வரிக்காக ஒதுக்கும் பணம், பிரிவிலும் மரணத்திலும் கணக்கு முடிக்கும் முறை ஆகிய நான்கையும் தொழில் தொடங்கும் நாளிலேயே எழுதிவிட வேண்டும். வர்த்தகர் சங்கங்களும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் இதற்கு வழிகாட்ட முன்வருமாயின், பல உறவுகள் நீதிமன்ற வாசலை மிதிக்காது தப்பும்.