சோறா, நெய்யா: உடல் பருமனுக்கு யார் குற்றவாளி?



உடல் எடையைக் குறைப்பது எப்படி என்ற விவாதம் இன்று நம் மக்களிடையே இரு அணிகளை உருவாக்கிவிட்டது. சோற்றை விலக்கி இறைச்சியும் நெய்யும் பாதாமும் உண்ணச் சொல்கிறது பேலியோ அணி. எண்ணெயையும் கொழுப்பையும் விலக்கச் சொல்கிறது மற்றோர் அணி. தம் வழியே ஒரே வழி என்று இரு தரப்பும் சாதிக்கின்றன. ஆய்வுகளோ இருவருக்கும் வெற்றி மாலை சூட்டவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் தலைமையிலான குழு, 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தனர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. சர்க்கரையையும் மைதாவையும் தவிர்த்துக் காய்கறிகளை மிகுதியாக உண்ணுமாறு இரு பிரிவினருக்குமே சொல்லப்பட்டிருந்தது. 2010இல் வெளியான மற்றோர் ஆய்வில் 307 பேர் ஈராண்டு கண்காணிக்கப்பட்டனர். முதலாண்டில் இரு பிரிவினரும் சுமார் 11 கிலோ குறைந்தனர். ஈராண்டு முடிவில் நிலைத்தது சுமார் 7 கிலோவே. எந்த முறையாயினும், தொடர இயலாவிட்டால் எடை திரும்பிவிடும்.

தொடர இயலுமா என்ற கேள்வியோடு நம் சென்னிமலைக்கு வருவோம். பேலியோவில் புகழ்பெற்ற காலை உணவு 100 பாதாம். எடை சுமார் 120 கிராம். கிலோ 800 ரூபாய் என்றே கொண்டாலும் ஒருவருக்கு ஏறத்தாழ 100 ரூபாய். போர்வை நெய்து கூலி பெறும் நெசவாளியின் வீட்டில் நால்வருக்கு 400 ரூபாய்! ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கும் குடும்பத்திடம் இதைச் சொல்வது அறிவுரையா, ஏளனமா? கொள்ளும் பச்சைப்பயறும் கீரையும் நிலக்கடலையும் நம் சந்தையிலேயே கிடைக்கின்றன. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, அவற்றைக் கூட்டிக்கொள்வது பெரும்பாலோருக்கு இயலும்.

மற்றொன்று உயிரைப் பற்றியது. இன்சுலினோ, சிலவகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் திடீரென மாவுச்சத்தை நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வாட்ஸ்அப்பில் உணவுப் பட்டியல் அனுப்பும் சகோதரர் அதற்குப் பொறுப்பேற்பாரா?

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வலீமா விருந்தில் மூன்றாம் முறை பிரியாணி வாங்கிக்கொண்டே, குற்றவாளி சோறா நெய்யா என்று வாதிடுவோர் முதலில் அந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.