தரிசு என்று எழுதிய கை

பெங்களூருவில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நிலப்படம் வரைவதுதான் என் பிழைப்பாக இருந்தது. விளக்கு மேசையில் படத்தை விரித்து, மேலே டிரேசிங் தாளைப் போட்டு, பென்சிலால் எல்லை கட்டுவோம். அந்தப் படங்களில் செடிகொடி சிவப்பாகத் தெரியும். இலை அகச்சிவப்புக் கதிரை நிறையத் திருப்பியனுப்பும். அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்திருப்பார்கள். அடர் சிவப்பென்றால் காடு. சாம்பல் பூத்துக் கிடந்தால் தரிசு என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அப்படிக் குறித்த இடங்களில் ஒன்று பெங்களூருவை ஒட்டிய ஹெசரகட்டா. கையிலிருந்தது பிப்ரவரிப் படம். மேகம் இருக்காது, வேலைக்கு வசதி. அது புல் காய்ந்து கிடக்கும் மாதம் என்பது உறைக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஓர் ஆகஸ்டில் நேரில் போனேன். முழங்கால் உயரப் புல், தூரத்தில் ஆட்டு மந்தை. மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் இது என்ன நிலம் என்று கன்னடத்தில் கேட்டேன். "ஹுல்லுகாவலு, சுவாமி" என்றார், இதுகூடவா தெரியாது என்கிற பார்வையோடு. ஹுல்லு என்றால் புல்; காவலு என்றால் மேய்ச்சலுக்கு ஒதுக்கிய நிலம்.

என் ஒருவனின் கைப்பிழை என்றால் விட்டுவிடலாம். 2000-இல் முதன்முதலாக வந்த இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுதியிலேயே புதர்நிலமும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் தரிசுக் கணக்கில்தான். இன்னொரு பக்கம், ஒரு ஹெக்டேர் நிலத்தில் மரக்கிளைகள் 10 விழுக்காட்டை மூடியிருந்தால் வனக் கணக்கெடுப்பில் அது வனப்பரப்பு. குடகின் காபித் தோட்டமும் அதில் சேரும், யூகலிப்டஸ் தோப்பும் சேரும். அந்த யூகலிப்டஸை நடவே கூடாதென்று 2017-இல் தடைபோட்டது இதே கர்நாடகம்.

தரிசு என்று படத்தில் ஏறிவிட்டால் நிலத்தைத் தூக்கிக் கொடுப்பது சுலபம். சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் அம்ருத் மஹால் இன மாடுகள் மேய்ந்த காவல் நிலம், ஏறக்குறைய 10,000 ஏக்கர், ஆராய்ச்சி, அணு, பாதுகாப்பு நிறுவனங்களுக்குப் போனது. விண்வெளித் துறைக்கும் அதில் பங்கு. நான் பார்த்த படங்களை எடுத்த செயற்கைக்கோள்களும் அந்தத் துறையுடையவைதாம்! ஹெசரகட்டாவிலும் திரைப்பட நகரம் கட்டப் பார்த்தார்கள். பறவை பார்ப்பவர்களும் சூழலியலாளர்களும் விடாமல் போராடி, 2024-இல்தான் 5,678 ஏக்கரைக் காப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது.

செயற்கைக்கோளைக் குறை சொல்ல மாட்டேன். செயற்கைக்கோள் படங்களை வைத்துத்தான் சூழலியலாளர்கள் எம்.டி. மதுசூதனும் பெங்களூருவின் ஏட்ரீ நிறுவனத்து அபி வனக்கும் இந்தியாவின் வறண்ட திறந்தவெளிகளை வரைந்து காட்டினார்கள்: நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதில் காப்பில் இருப்பது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு.

அடுத்த தரிசுநில வரைபடத் தொகுதி வருவதற்குள் தரிசுப் பட்டியலிலிருந்து மேய்ச்சல் நிலத்தை எடுத்துவிடுங்கள். களத்தில் சரிபார்க்க ஆள் அனுப்பினால், ஆகஸ்டில் அனுப்புங்கள்.