இத்தாலியில் வந்திறங்கும் வகுப்பும் ஆசிரியை கையில் உள்ள பட்டியலும்

மாசி, பங்குனி மாதங்களில் ஜேர்மனியில் வாழும் எம்மவர் வீடுகள் பலவற்றுக்குப் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வரும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் மடிந்து கசங்கி வரும் கடிதம் அது. வகுப்பு இத்தாலிக்குப் போகின்றது, ஆறு நாட்கள், இவ்வளவு காசு, கீழே கையெழுத்திட்டுத் தரவும் என்று இருக்கும். இதை இங்கே 'கிளாசன்பார்ட்' என்பார்கள். உயர்வகுப்பாக இருந்தால் 'ஸ்ருடியன்பார்ட்', அதாவது படிப்புப் பயணம்.

ஊரிலும் நாங்கள் கல்விச் சுற்றுலா போனவர்கள்தான். வாடகைக்கு பஸ் பிடித்து, சோற்றுப் பார்சலும் கட்டிக்கொண்டு அனுராதபுரம், கண்டி என்று போய் வந்திருக்கின்றோம். ஆனால் அங்கே ரீச்சர் எங்கள் ஊர் ஆள். அவவின் தகப்பனையும் எங்களுக்குத் தெரியும். இங்கே பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க முடியாத ஓர் ஆசிரியையை நம்பி இன்னொரு நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பவேண்டும். புதிதாக வந்த குடும்பங்கள் தயங்குவதில் வியப்பில்லை. காசு ஒரு பக்கம், பாஸ்போட் இல்லாத கவலை ஒரு பக்கம், பொம்பிளைப் பிள்ளை என்றால் வேறொரு கவலை. கடைசியில் சில வீடுகளில் பிள்ளைக்குச் சுகமில்லை என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்து அலுவலை முடித்துவிடுகின்றார்கள். பிள்ளை அந்தக் கிழமை முழுவதும் வேறொரு வகுப்பில் பின்வாங்கில் இருந்துவிட்டு வருகின்றது. இது நல்ல வழியல்ல என்பதே என் கருத்து. அந்தப் பயணம் உண்மையில் எப்படி நடக்கின்றது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்குச் செய்யவேண்டிய வேலை இருக்கின்றது.

ஏன் இத்தாலி என்று கேட்கலாம். லத்தீன் படிக்கும் பிள்ளைகளுக்கு ரோமாபுரி பாடப்புத்தகத்தின் தொடர்ச்சி. மற்றவர்களுக்கு அது ஜேர்மன்காரரின் பழைய ஆசை. அவர்களுடைய பெருங்கவிஞர் கோய்தே 1786 செப்டெம்பர் 3ஆந் திகதி விடியப்புறம் நண்பர்களுக்கும் சொல்லாமல் கார்ல்ஸ்பாட்டிலிருந்து குதிரை வண்டியில் புறப்பட்டு, பிரென்னர் கணவாயைக் கடந்து, ஒக்டோபர் கடைசியில் ரோம் போய்ச் சேர்ந்தார். ஆள் பெரிய மந்திரி. ஆனால் பயணம் செய்ததோ மொல்லர் என்ற பொய்ப்பெயரில், தொழில் ஓவியர் என்று சொல்லிக்கொண்டு. பெயர் மாறிப் பயணம் செய்வது எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வித்தை என்று நினைப்பவர்கள் இதைக் குறித்து வைக்கலாம்.

இன்று அதே கணவாயால்தான் பாடசாலை பஸ்களும் போகின்றன. கடல் மட்டத்திலிருந்து 1370 மீற்றர் உயரம். டோர்ட்முண்டிலிருந்து ரோமுக்கு ஏறத்தாழ 1500 கிலோமீற்றர் ஓடவேண்டும். ஒரு சாரதி நாலரை மணித்தியாலம் ஓட்டினால் முக்கால் மணித்தியாலம் ஓய்வெடுக்கவேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். ஆகவே இரவிரவாக ஓடும் பஸ்ஸில் இரண்டு சாரதிகள் இருப்பார்கள். பிரென்னரில் யாரும் பஸ்ஸை மறிப்பார்கள் என்று பிள்ளைகள் எதிர்பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையிலான வழமையான எல்லைச் சோதனை 1998 ஏப்ரல் 1இலிருந்து நீங்கிவிட்டது.

அப்படியானால் பேப்பர் எங்கே கேட்பார்கள்? விடுதி வாசலில்.

இதுதான் பலருக்குத் தெரியாத விடயம். இத்தாலியில் விடுதியில் தங்குபவர்களின் விபரங்களை 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸுக்கு அறிவிக்கவேண்டியது விடுதிக்காரரின் கடமை. ஆகவே ஆசிரியை வந்திறங்கியவுடன் செய்யும் முதல் வேலை ஊர் பார்ப்பதல்ல. நித்திரை தூங்கும் பிள்ளைகளை எழுப்பி, எண்ணி, பஸ்ஸில் ஜக்கெற்றை விட்டவனைத் திருப்பி அனுப்பி, மறுபடி எண்ணி, பிறகு வரவேற்பு மேசையில் நின்று பட்டியலைக் கொடுப்பதுதான்.

பல வருடங்களாக வகுப்புகளை இத்தாலிக்குக் கூட்டிச் சென்ற ஓர் ஆசிரியை எனக்குச் சொன்னது: ஒருமுறை புளோரன்ஸ் நகரில் இரவு ஒன்பதரை மணிக்கு விடுதியில் இறங்கினார்கள். மேசையில் இருந்தவர் பட்டியலையும் பிள்ளைகளின் பத்திரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் திறப்பு கிடைத்தது. ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மாத்திரம் கிடைக்கவில்லை. பாடசாலைப் பட்டியலில் பிள்ளையின் பெயர் ஒரு மாதிரி, பயணப் பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கும் பிள்ளையின் பெயர் பின்னுக்குமாக இன்னொரு மாதிரி. எழுத்துக்கூட்டும் வேறு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஆசிரியை தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் விளங்கப்படுத்தி முடிக்கக் கால் மணித்தியாலம் ஆனது. "பெரிய பிரச்சினை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கால் மணித்தியாலமும் அவள் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்" என்றார். மற்றப் பிள்ளைகள் அதை அடுத்த நாளே மறந்திருப்பார்கள். அவள் மறந்திருக்கமாட்டாள்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் முதற்பெயராகவும் மற்றதில் குடும்பப் பெயராகவும் ஏறிவிடுகின்றது. கூப்பிடு பெயரைப் பாடசாலையில் கொடுத்தவர்களும் உண்டு. எனவே கடிதம் வந்த அன்றே ஒரு வேலை செய்யுங்கள். வதிவிட அனுமதி அட்டையையோ பயணப் பத்திரத்தையோ பிரதி எடுத்து, பெயர் எப்படி இருக்கின்றதோ அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள். விடுதியோடு இது முடிவதில்லை. ரோமில் கொலோசியம் பார்ப்பதற்கான ரிக்கற்றுகளும் 2023 ஒக்டோபரிலிருந்து பெயர் குறித்தே கொடுக்கப்படுகின்றன.

இனிப் பாஸ்போட் விடயம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பிள்ளைகளுக்கு ஜெனீவா உடன்படிக்கையின்படி நீலநிறப் பயணப் பத்திரம் உண்டு. அதுவும் செல்லுபடியான ஜேர்மன் வதிவிட அனுமதியும் இருந்தால் இத்தாலிக்கு விசா தேவையில்லை. காலாவதித் திகதியை மட்டும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இலங்கைப் பாஸ்போட்டும் வதிவிட அனுமதியும் உள்ளவர்களுக்கும் அப்படியே.

இவை இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் 'சூலர்சம்மல்லிஸ்ற' என்ற ஒன்று இருக்கின்றது. மாணவர் கூட்டுப் பட்டியல் என்று சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியம் 1994 நவம்பரில் எடுத்த முடிவு இது. பாடசாலையின் பெயர், கூட்டிச் செல்லும் ஆசிரியர், போகும் இடம், நாட்கள், பிள்ளைகளின் பெயர், பிறந்த இடம், திகதி, நாடு எல்லாம் அதில் இருக்கும். படம் உள்ள அடையாளப் பத்திரம் இல்லாத பிள்ளையின் படம் அதில் ஒட்டப்படும். அதிபர் கையெழுத்து வைப்பார். வெளிநாட்டவர் கந்தோர் முத்திரை குத்தி உறுதிப்படுத்தும். அதன்பின் ஆசிரியையுடன் குழுவாகப் போகும்போது அந்தப் பட்டியலே பிள்ளைக்கு விசாவுக்கும் பயணப் பத்திரத்துக்கும் பதிலாக நிற்கும். குழுவை விட்டுத் தனியே போனால் அதற்குப் பெறுமதி இல்லை.

'டுல்டுங்' வைத்திருக்கும் வீட்டார் இதைக் கவனமாக வாசிக்கவேண்டும். டுல்டுங் பத்திரம் நாட்டைவிட்டு வெளியேறிய அக்கணமே செல்லாததாகிவிடும். ஆனால் பாடசாலைப் பயணத்துக்குப் பட்டியலிலேயே திரும்பி வருவதற்கான உறுதியைக் கந்தோர் எழுதிக் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த முத்திரை கைக்கு வரும்வரை பிள்ளை பஸ்ஸில் ஏறக்கூடாது. புகலிட வழக்கு முடிவாகாதவர்களும் கந்தோரில் எழுத்தில் பதில் எடுக்காமல் அனுப்பவேண்டாம். போகும்போது ஒருவரும் கேட்கவில்லை என்று வரும்போதும் அப்படியே இருக்கும் என நினைக்கக்கூடாது. 2015 செப்டெம்பரில் ஜேர்மன் பொலிஸார் ஒஸ்திரிய எல்லையில் மறுபடி சோதிக்கத் தொடங்கினார்கள். அது திரும்பத் திரும்ப நீடிக்கப்பட்டது. களைத்து விழுந்து வரும் பிள்ளைகளின் பஸ்ஸுக்குள் பொலிஸ் ஏறினால் ஆசிரியை நீட்டுவது அந்தப் பட்டியலைத்தான்.

பல ஆசிரியர்களுக்கே இப்பட்டியலைப் பற்றித் தெரியாது. வகுப்பில் எல்லோரும் ஜேர்மன் பாஸ்போட்காரராக இருந்த காலத்தில் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே நீங்களே கேளுங்கள். கந்தோரில் திகதி கிடைக்கவே கிழமைக் கணக்காகும் இடங்கள் உண்டு. பயணம் வைகாசியில் என்றால் மாசியிலேயே தொடங்கவேண்டும்.

காசு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சமூக உதவி, வீட்டு வாடகை உதவி, பிள்ளைகளுக்கான மேலதிகக் கொடுப்பனவு, புகலிடம் கோரியோருக்கான உதவி ஆகியவற்றில் ஒன்றைப் பெறும் குடும்பங்களுக்கு, பல நாள் வகுப்புப் பயணத்தின் உண்மையான செலவு முழுவதையும் கொடுக்கும் ஏற்பாடு 2011 முதல் உண்டு. 'பில்டுங் உன்ட் ரைல்ஹாப' என்று கேளுங்கள். பாடசாலைக் கடிதத்துடன் பயணத்துக்கு முன்பே கொடுக்கவேண்டும். கைச்செலவுக் காசு இதில் அடங்காது. இதைக் கேட்பது பிச்சையல்ல. ஆசிரியை வகுப்பில் சொல்லப்போவதும் இல்லை. அங்கே போனபின் செலவும் குறைவு. இத்தாலியின் அரச நூதனசாலைகளில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம், எந்த நாட்டவராயினும். வத்திக்கான் வேறு அரசு, அங்கே காசு.

பொம்பிளைப் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் வெட்கப்படாமல் ஆசிரியையிடமே கேட்கலாம். பிள்ளைகளுக்கும் பெடியளுக்கும் வேறு வேறு அறைகள்தான். ஆசிரியர்கள் அதே விடுதியிலேயே படுப்பார்கள். கலந்த வகுப்பென்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் போவதே வழக்கம். பின்னேரங்களில் மூன்று நான்கு பேராக நகரத்தில் சுற்ற அனுமதி கொடுப்பார்கள். அதற்கும் கடலில் குளிப்பதற்கும் உங்கள் கையெழுத்து கேட்பார்கள். விரும்பாவிட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை என்று எழுதலாம், பயணத்தையே மறுக்கத் தேவையில்லை. சாப்பாட்டில் மரக்கறி மட்டும் என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். இத்தாலியில் தக்காளிச் சோஸ் போட்ட பாஸ்ரா எங்கும் உண்டு, பிள்ளை பட்டினி கிடக்காது. வேறொன்றும் சொல்லவேண்டும். புளோரன்ஸில் மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய தாவீது சிலை ஐந்து மீற்றருக்கு மேல் உயரமாக, உடுதுணி இன்றி நிற்கின்றது. பிள்ளை படம் எடுத்துக்கொண்டு வந்தால் திடுக்கிடவேண்டாம். எங்கள் கோபுரங்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும்.

சுகவீனம் வந்தால்? பாடசாலைப் பயணத்தில் நடக்கும் விபத்துக்கு மாணவர் விபத்துக் காப்புறுதி உண்டு. வருத்தத்துக்கு, மருத்துவக் காப்புறுதி அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டையாக இருக்கின்றதா என்று பாருங்கள். புகலிடம் கோரி வந்த புதிதில் உள்ளவர்களுக்கு அது இருக்காது. அவர்கள் குழுக் காப்புறுதி பற்றிக் கேட்கவேண்டும். இழுப்பு, ஒவ்வாமை எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

சில வகுப்புகள் ரோம்வரை போகாமல் வடக்கே கார்டா ஏரியுடன் நின்றுவிடும். ஏமாற்றம் வேண்டாம். அந்த ஏரிக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தூரத்தில் கஸ்திலியோனே என்ற சிற்றூர் இருக்கின்றது. தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர் 1680இல் பிறந்த ஊர் அது. அதே ஊருக்குத்தான் 1859 ஜூன் மாதம் சொல்பரினோ யுத்தத்தில் காயப்பட்டவர்களைக் கொண்டுவந்து கோயில்களில் கிடத்தினார்கள். அவர்களைப் பராமரித்த ஹென்றி டுனான்டின் மனதில் செஞ்சிலுவைச் சங்க எண்ணம் பிறந்ததும் அங்கேதான். செஞ்சிலுவைக்கென்று ஒரு நூதனசாலையும் அங்கு உண்டு. தமிழுக்கு அகராதி செய்தவரும், எங்கள் யுத்த காலத்தில் சனங்கள் வழி பார்த்திருந்த அந்தச் சிவப்புச் சிலுவையும் ஒரே ஊர் என்று உங்கள் பிள்ளை வகுப்பில் எழுந்து சொன்னால், ஆசிரியை ஒருவேளை பஸ்ஸை அந்தப் பக்கம் திருப்பவும் கூடும்.

பயணத்துக்குச் சில கிழமைகள் முன்பு 'எல்ரன்ஆபென்ட்', பெற்றோர் கூட்டம் வைப்பார்கள். இரவு ஏழு மணிக்கு, வேலை முடிந்த களைப்பில், பாஷையும் விளங்காமல் போக மனம் வராது. கட்டாயம் போங்கள். பயணம் போகும் பிள்ளையையே மொழிபெயர்ப்புக்குக் கூட்டிப் போகாமல், வேறு யாரையாவது கூட்டிப் போங்கள். நீங்கள் கேட்கும் கேள்விகளில் பாதியை அந்தப் பிள்ளை மொழிபெயர்க்காது. கூட்டம் முடிந்ததும் உடனே எழும்பி வராமல், ஆசிரியையிடம் பட்டியலைக் காட்டச் சொல்லி, உங்கள் பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.