பேட்டரியைக் கழற்றி வையுங்கப்பா

பழைய டிஜிட்டல் கேமராவுக்கு இப்போ காலேஜ் பிள்ளைகளிடம் திடீர் மவுசு. கையில் மூணு லென்ஸ் வைத்த போன் இருக்கிறது, ஆனால் நாம் இருபது வருஷம் முன்னால் வாங்கின நாலு மெகாபிக்ஸல் டப்பாதான் வேணுமாம். என் மகளும் போன மாசம் சூட்கேஸைக் கிளறி எங்கள் பழைய கேமராவை வெளியே எடுத்தாள். புது பேட்டரி போட்டாள். லென்ஸ் பாதி வந்தது, அப்படியே நின்றது, திரை இருண்டுவிட்டது. இங்கே மஸ்கட்டில் ஒரு கடைக்காரர் கையில்கூட வாங்காமல், "போர்டு போச்சு சார், தூக்கிப் போடுங்க" என்றார். போர்டு போனதைப் பேட்டரி மூடியைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கேமரா வாழ்ந்தது கொச்சி வெலிங்டன் தீவில். (நியூஸிலாந்து நண்பர்கள் மன்னிக்கவும், இது வேற வெலிங்டன். சரியாகச் சொன்னால் வில்லிங்டன். சென்னை கவர்னராக இருந்து பிற்பாடு வைஸ்ராய் ஆனவர் பெயர். நம்ம வாயில் வெலிங்டன் ஆகிவிட்டது.) 1920-ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர், கப்பல் உள்ளே வருவதற்காகக் காயலைத் தோண்ட வைத்து, அந்த மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு. நாலு பக்கமும் உப்புத் தண்ணீர். ஜூனில் மழை பிடித்தால் பூட்டின பீரோவுக்குள் இருக்கிற தோல் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். 2005-லிருந்து ஆறு வருஷம் அங்கே இருந்தோம். 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் முனையம் திறந்து கன்டெயினர் எல்லாம் அந்தப் பக்கம் போக, நாங்களும் பெட்டி கட்டினோம். கேமராவையும் கட்டினோம், உள்ளே இரண்டு அல்கலைன் பேட்டரியோடு.

நான் செய்த தப்பு அதுதான். கிடக்க விட்ட அல்கலைன் பேட்டரி ஒருநாள் கசியும். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்று பட்டு வெள்ளைப் பொடியாக உறைந்து, பேட்டரி அறையின் ஸ்பிரிங்கையும் தகட்டையும் அரித்துவிடும். மகள் பழசை எடுத்து எறிந்துவிட்டுப் புதுசைப் போட்டிருக்கிறாள். ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால், அடியில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு பொருக்கு.

இது ஏன் கேமராவை நிறுத்துகிறது? கணக்கு சின்னதுதான். ரீசார்ஜ் ஆகிற பேட்டரி இரண்டு சேர்ந்தால் 2.4 வோல்ட். லென்ஸ் மோட்டார் சுற்றும்போது சுமார் 1 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். துருப்பிடித்த இடத்தில் வெறும் 0.3 ஓம் தடை இருந்தால் போதும், 0.3 வோல்ட் அங்கேயே போய்விடும். கேமராவுக்குக் கிடைப்பது 2.1. அது 'பேட்டரி தீர்ந்தது' என்று முடிவு கட்டி அணைந்துவிடும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரி ஜம்மென்று இருக்கும், ஏனென்றால் மீட்டர் மின்சாரமே இழுப்பதில்லை. இதை நம்பித்தான் எல்லோரும் பழியைப் போர்டு மேல் போடுகிறார்கள். (நான் எலெக்ட்ரிகல் படித்தவன். எனக்கே அரை நாள் ஆயிற்று, தங்கமணியிடம் சொல்லவில்லை :-))

கசிந்தது காரம் என்பதால் அதை முறிக்க அமிலம் வேண்டும். காது குடையும் பட்ஸில் ஒரு சொட்டு வினிகர், லேசாக நுரைக்கும். ஊற்றிவிடாதீர்கள், ஒரு சொட்டுதான். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பென்சில் ரப்பரால் தகடு பளிச்சிடும் வரை தேய்க்க வேண்டும். சாண்ட் பேப்பர் வேண்டாம். மேலே இருக்கிற நிக்கல் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே துரு.

அப்புறமும் வரவில்லையென்றால் மூடியைப் பாருங்கள். மூடி சரியாகச் சாத்தினால் மட்டும் அழுந்துகிற குட்டி சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கும். மூடியின் பிளாஸ்டிக் பல் உடைந்திருந்தால் கேமரா பிணம் மாதிரிதான் கிடக்கும். ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினால் எழுந்துவிடும். தேதி கேட்டுக்கொண்டே இருந்தால், அது உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்ததால். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பைக் கழற்றாதீர்கள். ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கும், பேட்டரியை எடுத்த பிறகும்.

'இவ்வளவு மெனக்கெட்டு எதற்கு, படமெல்லாம் கார்டில்தானே இருக்கு' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் காலக் கேமராக்கள் பலவற்றில் உள்ளேயே கொஞ்சம் நினைவகம் இருக்கும், எங்களுடையதில் 16 எம்.பி. கார்டு போடாமல் எடுத்த படம் அதில் போய் உட்காரும். கார்டு உள்ளே இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. கேமரா உயிரோடு இருந்தால்தான் எடுக்க முடியும். பழைய கேமராவைக் குப்பையில் போடுகிறவர்களோடும், மவுசு வந்ததென்று காசு கொடுத்து இன்னொன்று வாங்குகிறவர்களோடும் எனக்குள்ள சண்டை இதுதான். முதலில் வீட்டில் இருப்பதை எழுப்புங்கள். கார்டை வெளியே எடுத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள்.

எங்களுடையதில் எட்டு படம் இருந்தது. 2008 ஓணத்துக்கு அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். கார்டை ஸ்டூடியோவில் பிரிண்டுக்குக் கொடுத்திருந்தோம். எர்ணாகுளம் படகுக்குக் காத்திருக்கும்போது ஜெட்டியில் நிற்க வைத்து எடுத்திருக்கிறேன், எடுத்ததே மறந்துவிட்டது. இரண்டில் என் விரல் மறைக்கிறது. ஒன்றில் அவர் வாய் திறந்திருக்கிறது, "எத்தன தடவல எடுப்ப?" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார். 2012-ல் போய்விட்டார். கடைசி வருஷங்களில் எடுத்ததில் சிரிக்கிற படம் எங்களிடம் வேறு இல்லை.

அவர் உப்பளக் கம்பெனியில் கணக்கு எழுதினவர். டார்ச்சிலும் டிரான்சிஸ்டரிலும் ராத்திரி பேட்டரியை உருவி, பேப்பரில் சுற்றித் தனியாக வைப்பார். உப்புக் காத்துக்கு என்பார். கஞ்சத்தனம் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

கேமரா இப்போது மகளிடம். எனலூப் மாதிரி சார்ஜ் நிற்கிற பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தேன். சாதாரண ரீசார்ஜ் பேட்டரி இந்த ஊர் வெயிலில் சும்மா கிடந்தே காலியாகிவிடும். எடுத்து முடித்ததும் கழற்றி டப்பாவில் போட வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. எட்டு படத்தையும் அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது: "அந்தச் சட்ட இன்னும் பீரோலதான்ல இருக்கு."