முதலில் பற்று நோட்டு, பிறகுதான் பில்

நம் அங்கத்தினர்கள் கூடும் இடத்தில் கம்ப்யூட்டர் என்ற பேச்சு எழுந்தால், உடனே பில் போடுவதும் ஸ்டாக் பார்ப்பதும்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. பணத்தைக் கொட்டி பேக்கேஜ் வாங்குகிறோம். சாமான் பெயர்களை ஏற்றவே ஒரு மாதம் ஆகிறது. ஆடி போய் ஆவணி வருவதற்குள் அந்தப் பெட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் துணி போர்த்தியபடி உட்கார்ந்துவிடுகிறது. மூட்டை பிரித்து நிறுத்துக் கொடுக்கும் பலசரக்குக் கடையில் ஸ்டாக் எப்படிச் சரிவரும்? உளுந்தில் தூசி போகும், மண்டை வெல்லம் கசியும், சிந்தியதும் எலி தின்றதும் எந்தப் பில்லிலும் ஏறாது. ஸ்டாக்கில் தொடங்கியவர்கள் தோற்றதற்கு அவர்களைக் குறை சொல்ல நாம் தயாராக இல்லை. தொடங்கிய இடம் தவறு.

நம் கருத்து இது: ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டரில் முதன்முதலாகச் செய்து கொள்ள வேண்டியது பற்று வரவுக் கணக்கு. அதை விலைக்கு வாங்க வேண்டாம். தாமே செய்து கொள்ளலாம், அல்லது பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை உட்கார வைத்துச் செய்து கொள்ளலாம்.

பேட்டை வியாபாரத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீடி சுற்றும் வீடுகளில் கூலி வாரக் கணக்கு. ஆலைக்கும் பட்டறைக்கும் போகிறவர்களுக்கு மாதச் சம்பளம். இடைப்பட்ட நாட்களில் அரிசியும் எண்ணெயும் நம் நோட்டில்தான் ஓடுகின்றன. 'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை தொங்குகிற கடையிலும் பலகைக்குக் கீழே நோட்டு இருக்கும். அந்த நோட்டு ஒன்றுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை உடைத்து வந்தபோது தாழ்வான கடைகளில் அரிசி மூட்டை நனைந்ததைப் பற்றியே எல்லோரும் பேசினோம். நோட்டு நனைந்தவர்களுக்குத்தான் தெரியும், போனது அரிசி மட்டும் அல்ல என்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கு பாதி நோட்டிலும் பாதி முதலாளியின் மனத்திலும் இருக்கும் கடைகள் நம்மிடையே ஏராளம். அவர் ஒரு நாள் படுத்துவிட்டால், 'மேலத்தெரு அக்கா 340' என்பது எந்த அக்கா என்று வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்?

செய்வது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருள் இலவசம். அதில் பேஸ் என்றொரு பகுதி உண்டு. மைக்ரோசாப்ட் 1992இல் வெளியிட்ட அக்சஸ் செய்கிற வேலையில் நமக்கு வேண்டியதை இது செய்யும். (சில கம்ப்யூட்டர்களில் ஜாவாவைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும். அதுவும் இலவசம்தான்.) இரண்டு அட்டவணை போதும். ஒன்றில் வாடிக்கைக்காரர்: எண், பெயர், தெரு, போன், எவ்வளவு வரை கொடுக்கலாம் என்ற வரம்பு. மற்றொன்றில் பற்று வரவு: வரிசை எண், வாடிக்கைக்காரர் எண், தேதி, விவரம், பற்று, வரவு. இரண்டாவது அட்டவணையில் பெயரை எழுதக்கூடாது, எண் மட்டும்தான். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுதினால் 'முத்து', 'முத்தண்ணன்', 'பழைய பேட்டை முத்து' என்று ஒரே ஆள் மூன்று பேராகி, பாக்கியும் மூன்றாக உடைந்துவிடும். எக்செல் தாளில் கணக்கு வைத்து ஏமாந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

வாடிக்கைக்காரர் எண் இரண்டு அட்டவணையிலும் முழு எண்ணாக இருக்கட்டும். தேதிக்குத் தேதி வகை, ரூபாய்க்குத் தசம எண் வகை. ரூபாயை எழுத்து வகையாக வைத்துவிட்டால் கூட்டல் வராது. பிறகு இரண்டு அட்டவணைகளுக்கும் இடையே உறவைக் கட்டிவிட்டு, ஃபாரம் செய்யும் வழிகாட்டியைத் திறந்தால் அதுவே 'துணை ஃபாரம் வேண்டுமா' என்று கேட்கும். ஆம் என்றால் மேலே ஆளின் பெயர், கீழே அவர் வாங்கியதும் கொடுத்ததும் வரிசையாக வந்து நிற்கும். பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோமே, அதேதான். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட மட்டும் இடம் இல்லை.

பாக்கித் தொகைக்கென்று ஒரு கட்டம் வைக்க ஆசை வரும். வைக்கக்கூடாது. பற்றைக் கூட்டி வரவைக் கழித்தால் பாக்கி. அதைக் கேட்கும்போதெல்லாம் கணக்கிட்டுக் காட்ட ஒரு வினவல் எழுதி வைத்தால் போதும். கையால் எழுதிய பாக்கி என்றைக்காவது ஒரு நாள் வரிகளோடு முரண்படும். அதுபோலவே, தவறாக ஏற்றிய வரியை அழிக்காமல் எதிர்வரி போட்டுச் சரி செய்ய வேண்டும். பழைய கணக்குப்பிள்ளைமார் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியது அழகுக்காக அல்ல.

'நாமே ஏன் செய்ய வேண்டும், காசு கொடுத்தால் செய்து தர ஆள் இல்லையா' என்று கேட்பார்கள். தொண்ணூறுகளில் நாமும் அப்படித்தான் செய்தோம். ஃபாக்ஸ்புரோவில் ஒருவர் எழுதிக் கொடுத்தார், நன்றாகவே ஓடியது. அவர் வெளியூருக்கு வேலைக்குப் போனார். அதோடு ஒரு வரி மாற்றக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. அந்த ஃபாக்ஸ்புரோவை 1992இல் மைக்ரோசாப்ட் வாங்கி, கடைசிப் பதிப்பை 2004இல் வெளியிட்டு, 2015 ஜனவரியோடு ஆதரவையும் நிறுத்திவிட்டது. ஆனால் ஒன்று வியப்பு. அன்றைய டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் இன்றும் திறக்கிறது. எண்கள் அப்படியே இருக்கின்றன. பெயர்கள் மட்டும் கிறுக்கலாகத் தெரிகின்றன, ஏனெனில் அன்று ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு. ஆகவே இப்போது யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறோம். நிரல் எழுதியவர் போகலாம், நிரலும் போகலாம். கணக்கு நம் கையில் திறக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே இதற்கு இன்னொரு வழி இருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி இன்று ஸோஹோ என்று அறியப்படும் நிறுவனம், 2006இல் ஸோஹோ கிரியேட்டர் என்ற ஃபாரம் மென்பொருளை வெளியிட்டது. 2011 முதல் அந்நிறுவனம் தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் இயங்கி வருகிறது. அன்று அது நம் நெல்லை மாவட்டம்தான். போனிலேயே பற்று ஏற்றலாம், கிட்டங்கியில் இருந்தபடியே பார்க்கலாம். நம் மண்ணில் வேலை செய்யும் நிறுவனம் என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆயினும் அது சந்தா கட்டி வைத்துக்கொள்வது. நெட் வேண்டும், கணக்கு அவர்கள் இடத்தில் இருக்கும். இரண்டு மூன்று கிளை உள்ள மொத்த வியாபாரிக்கு அது பொருந்தலாம். ஒற்றைக் கடைக்காரர் முதலில் தம் பெட்டியிலேயே பழகட்டும் என்பது நம் எண்ணம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் கோர்ட்டில் செல்லும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒழுங்காக வைத்து வரும் கணக்கைக் கோர்ட்டு பார்க்கும், மின்னணுக் கணக்கையும் பார்க்கும். ஆனால் கணக்கு மட்டுமே ஒருவர் மேல் பொறுப்பைச் சுமத்தப் போதாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னதும் அதுதான், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்வதும் அதுதான். தவணை பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. அதற்குள் கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் கெடு புதிதாகத் தொடங்கும். ஆகவே மாதம் ஒரு முறை, இரண்டு ஆண்டைத் தாண்டிய பாக்கிகளை மட்டும் காட்டும் பட்டியலை எடுத்துப் பார்ப்பது மொத்த வியாபாரிகளுக்கு மிகவும் அவசியம். நோட்டில் அதைத் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. வினவலில் தேதியைக் கொடுத்தால் உடனே வந்துவிடும்.

கரண்ட் போகும் ஊர் நம் ஊர். பேஸ் கோப்பு சேமித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு கெட்டுப்போகவும் கூடும். கடை அடைக்கும்போது பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். அதையும் கல்லாவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிறவர்கள் 2023ஐ நினைத்துக்கொள்ளட்டும்.

வாடிக்கைக்காரர் கையில் இருக்கும் சின்ன நோட்டை மட்டும் நிறுத்திவிடக்கூடாது. நம் ஃபாரத்தில் நாம் ஏற்றுவது நமக்குத் தெரியும், அந்த அம்மாளுக்குத் தெரியாது. அவர் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே தொகையைத் திரையிலும் ஏற்றி, 'பாருங்கம்மா, 185' என்று காட்டி அனுப்புவதே முறை. முதல் மாதத்துக்கு ஐம்பது வாடிக்கைக்காரர்களை மட்டும் ஏற்றி, நமது பேரேட்டையும் கூடவே எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் இரண்டு பாக்கியும் ஒத்துவந்தால் மற்றவர்களையும் ஏற்றலாம். ஒத்துவரவில்லை என்றால் எந்த வரியில் பிசகு என்று தேடுங்கள். அநேகமாகப் பிசகு பேரேட்டில்தான் இருக்கும் என்று நாம் பந்தயம் கட்டுவோம்.