அக்னி நட்சத்திரம்: கேளாத பாதி

திரையிசையைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் வரிகளையும் ராகத்தையும் பற்றியே. ஒலியைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. இந்தக் குறையை 1988-இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'அக்னி நட்சத்திரம்' பாடல்களைக் கேட்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

இளையராஜாவின் இசை, வாலியின் வரிகள், ஆறு பாடல்கள். சித்ரா பாடிய 'நின்னுக்கோரி வர்ணம்' தன் முதற்சொல்லை ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்திலிருந்து எடுத்துக்கொண்டது. படத்தின் பெயரோ கத்திரி வெயில்; ஜேசுதாசும் ஜானகியும் பாடிய 'தூங்காத விழிகள்' பாடலோ மழையை வருவிக்கும் என நம்பப்படும் அமிர்தவர்ஷினி. இவை பலரும் சொன்னவைதாம்.

சொல்லப்படாதது அடியில் இருக்கிறது. 'நின்னுக்கோரி'யில் குரல் மோகனத்தைப் பற்றிக்கொண்டிருக்க, கீழே டிரம்ஸும் பேஸ் கிதாரும் ராக் இசையின் நடையில் செல்கின்றன. அந்த பேஸ் வெறும் தாளத்துணை அன்று. குரலுக்கு மறுமொழி சொல்லும் இரண்டாவது மெட்டு. அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது இனிய மெல்லிசை மட்டுமே.

எங்கள் பக்கத்து ஊர்களில் பலர் அந்தப் பாதியை மட்டுமே கேட்டனர். அகரம் முத்தாலம்மன் திருவிழா போன்ற விழாக்களில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கி, குரலை ஊரெல்லைக்கு அப்பாலும் கொண்டு செல்லும். தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். இன்று கைபேசியின் சிறு ஒலிபெருக்கியும் அதையேதான் செய்கிறது.

கேளாத ஒலிக்குரியவர்கள் பெயரற்றும் போயினர். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 1982-இல் வந்தபோது, பேஸ் வாசித்த லூயிஸ் ஜான்சன் உள்ளிட்ட கலைஞர்களின் பெயர்கள் இசைத்தட்டு உறையிலேயே இருந்தன. நம் ஒலிநாடா அட்டைகளில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் என்பதோடு பட்டியல் முடிந்துவிடும். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரக்குறிப்பு எழுதித் தருபவர் என்பது உண்மை. ஆயினும் தாளில் இருப்பதை ஒலியாக்கியவை வேறு விரல்கள். அவரது குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் 2020-இல் மறைந்தார். பேஸ் வாசித்த சசிதரனையும் கீபோர்டு வாசித்த விஜி மானுவலையும் எத்தனை ரசிகர்கள் அறிவர்?

எந்தப் பாடலில் யார் வாசித்தார் என்பதை, வாசித்தவர்களின் நினைவு எஞ்சியிருக்கும்போதே கேட்டுப் பதிந்தாக வேண்டும். ராக ஆராய்ச்சிக்கு இன்னும் நூறாண்டு காலம் இருக்கிறது, இதற்கு இல்லை.