ஒரு குப்பி மருந்தும் எட்டுக் கோழியும்

சோழகம் பிடிச்சா கற்பிட்டிப் பக்கம் வெளிக்கடலுக்கு வள்ளம் இறக்குறது கஷ்டம். அந்த மாசங்களில் எங்கட பல வீடுகளுக்குக் கைக்காசு வளவுக்குள்ள இருந்துதான் வரும். உம்மா ஆறு முட்டையைத் துணியில் சுத்திக் கடைக்குக் குடுத்தனுப்புவா. சீனியும் தேயிலையும் வரும். எங்களில் சிலர் கம்பஸுக்கு ஏறிய முதல் பஸ்ஸுக்கான காசும் சேவல் வித்த காசுதான். ஆனால் புலமைப்பரிசில் படிவத்தில் உம்மாவின் தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்றே எழுதினோம்.

2022 நெருக்கடியில் கோழித்தீன் விலை ஏறி, பண்ணைகள் தடுமாறின. வெள்ளை முட்டைக்கு 43 ரூபா என்று அரசு கட்டுப்பாட்டு விலை போட்டது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை வந்து இறங்கியது. "வீட்டிலேயே வளருங்க" என்று எல்லாரும் அறிவுரை சொன்ன நேரம் அது. எங்கட உம்மாமார் அதை எப்பவோ தொடங்கிவிட்டார்கள். ஊர்க்கோழி கறையான், மீன் செவுள், சோத்துப் பருக்கை என்று தன் தீனை அதுவே தேடிக்கொள்ளும்.

அது தேடிக்கொள்ள முடியாத ஒன்று தடுப்பு மருந்து. ராணிக்கெட் வந்தால் கோழி பச்சையாய்க் கழியும், கழுத்து திருகும், சில நாளில் கூடே காலியாகும். வந்த பிறகு மருந்தில்லை; முன்கூட்டியே போடத்தான் வேணும். ஆனால் ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது. குளிரில் வைக்க வேணும், கரைச்சால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்க வேணும். எட்டுக் கோழி வைத்திருப்பவள் அதை வாங்கி என்ன செய்வாள்? அவளுக்கு அக்கறையில்லை என்று சொல்வது அநியாயம். மருந்து பண்ணையின் அளவுக்கு வருகிறது, வளவின் அளவுக்கு வரவில்லை.

அப்படியென்றால் ஒழுங்கையையே ஒரு பண்ணையாக எண்ணுவோம். இருபது வீட்டுக் கோழிகள் சேர்ந்தால் ஒரு குப்பி வீணாகாது. பங்களாதேஷில் பிராக் நிறுவனம் 1980களிலிருந்தே இதைச் செய்தது: கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாய்ப் போய் மருந்து போட்டு, சிறு கூலியும் எடுத்தார்கள். இங்கே மிருக வைத்திய அலுவலகம் ஒரு நாளைக் குறித்துத் தந்து, ஊருக்கு இரண்டு பேரைப் பழக்கினால் போதும்.

இதையும் உம்மாமாரின் தலையில் கட்ட வேண்டாம். வீடு வீடாய்ப் போய்க் கணக்கெடுக்க, ஐஸ் போட்ட பிளாஸ்க் சுமக்க, விடியமுன் கூடு திறக்காமல் இருக்கும்போதே கோழியைப் பிடித்துக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம், ஆம்பிளைப் பிள்ளைகளும் சேர்த்து. மூன்று நாலு மாசத்துக்கு ஒருக்கா திரும்பப் போட வேணும். எங்கட லீவும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் வருது.

அடுத்த லீவுக்குப் போனதும் முதல் வேலை, ஒழுங்கையில் எத்தனை கோழி என்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதுவோம். வீட்டுக்காரர் பெயர் என்ற இடத்தில் கோழி வளர்ப்பவரின் பெயரையே போடுவோம்.